பொக்கு மிளகு

“சாமி, அந்தப் பாயச விசயத்த இன்னும் மனசுல வச்சுக்கிட்டு இருக்காதீக. போனாப் போவுதுன்னு விடுங்க.”

பூக்காரி அங்கம்மாள் ஒரு காலையில் இப்படிச் சொன்னதும், வேலைக்குப் புறப்பட்டுப் படியிறங்கிக்கொண்டிருந்த பிச்சுமணி, ஒரு கால் மேல்படியிலும் ஒரு கால் கீழ்ப்படியிலுமாக நின்றுவிட்டார். அவள் சொன்ன பாயசம் மட்டாஞ்சேரிக் கூவப்பாடத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் பரிமாறப்பட்டது. அது ஆயிற்று எட்டு வருஷம். இரண்டாம் தடவை பாயசம் வந்தபோது, பரிமாறியவன் இவர் இலையை மட்டும் தாண்டிப் போனான். அவ்வளவுதான் விஷயம். தாண்டிப் போனவனுக்கே அது தெரியாது. பக்கத்து இலைக்காரருக்கும் தெரியாது. அங்கம்மாள் அப்போது கோவில்பட்டியில் தீப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தாள். அந்தப் பாயசத்தைப் பற்றி அறிந்தவர் உலகத்தில் பிச்சுமணி ஒருவர்தான். அவரை விட்டால் அவருடைய டைரி.

பிச்சுமணி சும்மா தலையை ஆட்டினார். காரணமே இல்லாமல் சட்டைப்பையைத் தடவிப் பார்த்தார். பிறகு, ஒரு சொட்டு மழையில்லாத தெருவில் குடையை விரித்துக்கொண்டு நடந்தார். முகத்தை மறைக்க வேறு எதுவும் கைவசம் இல்லை.

இது நடந்தது எண்பத்து நான்கில். ஆள் எப்படிப்பட்டவர் என்று சொல்லாவிட்டால் அந்தக் குடையின் அவசியம் யாருக்கும் புரியாது.

தனக்குத் தோல் என்பதே கிடையாது என்று பிச்சுமணி அடிக்கடி சொல்லிக்கொள்வார். மனிதர்களிடம் அல்ல, டைரியிடம். மற்றவர்களை உரசிவிட்டுப் போகிற ஒரு சொல் இவருக்கு உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். உட்காருவதோடு நில்லாமல் பாய் விரித்துப் படுத்தும்விடும். சாயாக்கடையில் தனக்குப் பின்னால் வந்தவனுக்கு முதலில் கிளாஸ் நீட்டினால் அன்றைய நாள் போயிற்று. முடிவெட்டுகிறவர், “சாமிக்கு உச்சியில கொறஞ்சு வருதே” என்று விட்டால் அந்த வாரம் போயிற்று. கோயிலில் பக்கத்தில் நின்றவருக்கு ஒரு துளி சந்தனம் கூடுதலாக விழுந்தால், பகவானுக்கே தன்னைப் பிடிக்கவில்லையோ என்று யோசனை ஓடும். “என்ன, பேசவே மாட்டேங்கறேளே?” என்று யாராவது கேட்டால், அதுவரை பேசலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த வாயும் அடியோடு பூட்டிக்கொள்ளும்.

இப்படிப்பட்ட மனிதருக்கு ஆண்டவன் பார்த்துப் பார்த்துப் போட்டுக்கொடுத்த வேலை மட்டாஞ்சேரி மிளகு வியாபாரம். ஜூ டவுன் தெருவில், வரப்போகிற மிளகுக்கு இன்றைக்கே விலை பேசுகிற ஒரு கூடம் உண்டு. பேசுகிற கூடம் என்று பெயர்தானே தவிர, அங்கே பேச்சே கிடையாது, கத்தல்தான். நல்லவேளையாகப் பிச்சுமணியின் வேலை கூடத்தில் இல்லை. ஒரு குஜராத்தி சேட்டின் கிடங்கில் சரக்குப் பார்க்கிற குமாஸ்தா அவர். மூட்டையில் குத்தூசி விட்டு மாதிரி எடுப்பார், நசுக்கிப் பார்ப்பார், தண்ணீரில் போட்டுப் பார்ப்பார். நல்ல மிளகு அடியில் தாழும். உள்ளே ஒன்றுமில்லாத பொக்கு மேலே மிதக்கும். அம்பாசமுத்திரத்திலிருந்து வேலை தேடி வந்தவருக்கு அந்த வேலை பிடித்துப்போனதற்குக் காரணம் ஒன்றே ஒன்றுதான். மிளகு வாயைத் திறந்து எதுவும் சொல்லாது.

எழுபத்து நான்கில் ஒருநாள், கூடத்தில் சேட்டுக்காகக் கத்துகிற ராமபத்ரன் காய்ச்சலில் படுத்துவிட்டார். சேட்டு யாரை அனுப்புவது என்று சுற்றிப் பார்த்தார். பிச்சுமணி ஒரு மூட்டைக்குப் பின்னால் குனிந்து பார்த்தும் பலிக்கவில்லை. கூடத்துக்குள் போனார். இந்த விலை வந்தால் வாங்கு என்று சேட்டு சொல்லியனுப்பியிருந்தார். அந்த விலை வந்தது. பிச்சுமணி வாயைத் திறந்தார். குரல் வரவில்லை. விலை அவரைத் தாண்டிப் போயிற்று. பக்கத்தில் கையை வீசிக் கத்துகிறவர்களுக்கு இடைஞ்சலாக இருக்க வேண்டாம் என்று கொஞ்சம் ஒதுங்கி நின்றார். கடைசியில் எங்கிருந்தோ குரல் கிளம்பியபோது, “ஒண்ணு கேக்கலாமா?” என்று வந்தது.

எந்த விலைக்கும் அடங்காத கூடம் அதைக் கேட்டு அடங்கிப்போயிற்று. பிறகு மொத்தமாகச் சிரித்தது. காய்ச்சல் தெளிந்து எழுந்து வந்த ராமபத்ரன், அதன்பின் வருஷக்கணக்கில் இவரைப் பார்த்த இடத்திலெல்லாம், “ஒண்ணு கேக்கலாமா சாமி?” என்றுதான் ஆரம்பித்தார்.

அன்று சாயங்காலம்தான் பிச்சுமணி எழுத உட்கார்ந்தார். வருஷப் பிறப்புக்குக் கப்பல் கம்பெனி ஒன்று சேட்டுக்கு அனுப்பிய டைரி கிடங்கில் கேட்பாரற்றுக் கிடந்தது. முதல் பக்கங்களில் துறைமுகத்தில் வேலியேற்றம் வந்து கடல் பொங்குகிற நேரமெல்லாம் அச்சடித்திருந்தார்கள். மீதிப் பக்கங்கள் இவருக்கு. “இன்று மகாவீரர் பிச்சுமணி களம் புகுந்தார்” என்று ஆரம்பித்தார். “எதிரிகளுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்று, அவர்களுடைய சௌகரியத்தை விசாரித்துவிட்டு, வெற்றிகரமாகத் திரும்பினார்.” எழுதிவிட்டுப் பார்த்தால் நெஞ்சில் கட்டியிருந்தது கொஞ்சம் இளகியிருந்தது. ராத்திரி சாப்பாடும் இறங்கியது.

மறுநாள் எழுதியதை எடுத்து வாசித்தபோது கை பழக்கத்தில் ஒரு காரியம் செய்தது. சரக்குப் பார்ப்பதுபோலவே அதையும் பார்த்தார். கூடம் சிரித்தது கனமா, பொக்கா? நேற்று இரும்பாக இருந்தது இன்று மிதந்தது. ஓரத்தில் ‘பொ’ என்று போட்டார். அதுவே வழக்கமாகிவிட்டது; வருஷா வருஷம் வந்த கப்பல் கம்பெனி டைரியும் இவருக்கே ஆயிற்று. சாயங்காலம் எழுதுவது, மறுநாள் சாயங்காலம் தண்ணீரில் போடுவது. தாழ்ந்தால் ‘க’. மிதந்தால் ‘பொ’. சாயாக்கடை, பொ. உச்சி முடி, பொ. ஆனால் முடி குறைந்து வருவது உண்மை. பாயசம் மட்டும் வாரக்கணக்கில் தாழ்ந்தே கிடந்தது. “கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் பந்தி முழுக்கத் திரும்பிப் பார்த்திருக்கும். பாயசமும் கிடைத்து மானமும் போயிருக்கும். இப்போது பாயசம் மட்டும்தான் போயிற்று” என்று எழுதியபின் அதுவும் மெல்ல மிதந்தது. பக்கம் பக்கமாக ‘பொ’. இவ்வளவு மட்டமான சரக்கைச் சேட்டு வாசலிலேயே திருப்பி அனுப்பியிருப்பார் என்று அவரே ஒருநாள் எழுதிவைத்தார்.

டைரியை அவர் பூட்டி வைத்ததில்லை. அவசியமும் இருக்கவில்லை. சேட்டு படிப்பது குஜராத்தி. ராமபத்ரன் படிப்பது மலையாளமும் இங்கிலீஷும். வீட்டில் மனைவி விசாலாக்ஷி நாளெல்லாம் பேசுவது தமிழ்தான், ஆனால் மட்டாஞ்சேரிப் பாண்டிக்குடியில் பிறந்து மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். தமிழில் ஓர் எழுத்து தெரியாது. எல்லா வருஷத்து டைரியும் சமையலறை அலமாரியில் அரிசி டப்பாவுக்குப் பக்கத்திலேயே கிடந்தது. ஒருத்தராவது அதை வாசித்துவிட்டால் தான் ஊரைவிட்டே ஓடவேண்டியதுதான் என்று நினைக்கிற மனிதர், அதை அந்த இடத்தில் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கினார்.

விசாலாக்ஷியின் பக்கத்திலிருந்து பார்த்தால் கதை வேறு. குழந்தைகள் இல்லாத வீடு. இருப்பது இரண்டே பேர். ஒருத்தர் வேலையிலிருந்து வருவார், கால் அலம்புவார், காப்பி குடிப்பார், கேட்டதற்கெல்லாம் “ம்” என்பார், பிறகு இருண்ட முகத்தோடு அந்தப் புத்தகத்தைப் பிரித்து உட்காருவார். எழுந்திருக்கும்போது முகம் தெளிந்திருக்கும். தான் போட்டுக்கொடுக்கிற காப்பிக்கு வராத தெளிவு அந்தப் புத்தகத்துக்கு வருகிறதே என்று அவளுக்கு இருந்தது.

“என்னாக்கும் இவ்வளவு எழுதறேள்?” என்று ஆரம்ப நாட்களில் கேட்டாள்.

“ஒண்ணுமில்லை. வெறுதே.”

“என்னைப் பத்தி உண்டோ?”

“சே, நீ எதுக்கு அதுல?”

பிச்சுமணி அதை மரியாதையாகத்தான் சொன்னார். வீட்டுக்காரியைக் குறித்து ஒரு வரிகூட எழுதுவதில்லை என்று தொடக்கத்திலேயே தனக்கு ஒரு விதி போட்டிருந்தார். சாயாக்கடைக்காரனும் முடிவெட்டுகிறவரும் வருகிற புத்தகத்தில் அவள் எதற்கு? அந்த விதியை நினைத்து அவருக்கு உள்ளூரப் பெருமைகூட. அதை அவளிடம் சொல்லியிருக்கலாம். சொல்வதுதான் அவருக்கு வராதே. விசாலாக்ஷி தன் மட்டில் முடிவு செய்துகொண்டாள்: என்னைப் பற்றித்தான் எழுதுகிறார், நிறையவே எழுதுகிறார். பத்து வருஷம் அந்த நினைப்போடு அரிசி டப்பாவை எடுத்தாள், வைத்தாள்.

அங்கம்மாள் வந்தது அதற்குப் பிறகுதான். கட்டட வேலைக்கு வந்த புருஷனோடு பள்ளுருத்தியில் குடியேறி, காலையில் பூக்கூடையோடு வீடுவீடாக வருவாள். ஒருநாள் விசாலாக்ஷி உள்ளே போய்க் காசு எடுத்து வருவதற்குள், பூச் சுற்றியிருந்த தமிழ்ப் பேப்பரை அவள் படியில் உட்கார்ந்து சத்தம்போட்டு வாசித்துக்கொண்டிருந்தாள். விசாலாக்ஷி கையில் காசோடு அப்படியே நின்று கேட்டாள். மறுநாள் அங்கம்மாளுக்குச் சமையலறையில் ஒரு பலகையும் ஒரு டம்ளர் காப்பியும் கிடைத்தன. மடியில் டைரி.

அது பல காலைகள் நடந்திருக்கிறது. அங்கம்மாள் வெறுமனே வாசிக்கிறவள் இல்லை. சாயாக்கடைக்காரன் வருகிற இடங்களில் நிறுத்தி, அவன் குடும்பத்தையே நாலு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் மேலே போவாளாம். பிச்சுமணிக்கு அவருடைய ஆயுளில் கிடைத்த ஒரே ஒரு கட்சிக்காரி அவள். பாயசப் பக்கம் முடிந்த மறுநாள்தான் அவரைப் படியில் பார்த்தாள். ஆறுதல் சொல்லாமல் எப்படி இருப்பாள்?

அன்று முழுக்கப் பிச்சுமணி குத்தூசியைக் கையில் வைத்துக்கொண்டு மனைவியிடம் பேசவேண்டிய பேச்சைத் தயார் செய்தார். நல்ல பேச்சு. நியாயம் இருந்தது, கோபம் இருந்தது, நடுவில் குரலை உயர்த்துவதற்கென்று ஓர் இடம்கூட இருந்தது. வீட்டுக்குள் நுழைந்தார். விசாலாக்ஷி அடுப்படியிலிருந்து திரும்பிப் பார்த்தாள்.

“விசாலம்,” என்றார் பிச்சுமணி, “ஒண்ணு கேக்கலாமா?”

“கேக்கவே வேண்டாம். நான்தான் வாசிக்கச் சொன்னேன்,” என்றாள் அவள். “உங்களை நான் எங்கேயோ நோவிச்சிருக்கேன், வாயத் திறந்து பறயாம எழுதி எழுதி வெக்கறேள்னு இத்தனை வருஷமா நெனைச்சிண்டிருந்தேன். அது என்னன்னு அறியணும்னு இருந்தது. அங்கம்மா வாசிச்சா. சாயாக்கடைக்காரன் உண்டு. முடி வெட்டறவன் உண்டு. ராமபத்ரன் பக்கத்துக்குப் பக்கம் உண்டு. என் பேர் ஒரு எடத்துலயும் இல்லை.”

“நீ என்னை நோகடிச்சதே இல்லையே, விசாலம். அதனாலதான்…”

“அது இருக்கட்டும். பஸ்ஸில கண்டக்டர் வழிவிடச் சொல்லி ‘மாறி நில்லு’ன்னு மரியாதையில்லாமச் சொன்னான்னு எழுதிருக்கேளே, அது எந்த நாள்னு ஓர்மை இருக்கோ?”

அவருக்கு இருந்தது.

“எறணாகுளம் ஆஸ்பத்திரிலேருந்து வந்த நாளாக்கும். இனி நமக்குக் குழந்தை இல்லைன்னு டாக்டர் சொன்ன நாள். லேடீஸ் ஸீட்டில உக்காந்து நான் ஜன்னலைப் பாத்து அழுதுண்டே வந்தேன். வீட்டுக்கு வந்து நீங்க கண்டக்டரை எழுதிருக்கேள்.”

பிச்சுமணிக்கு அந்தச் சாயங்காலம் நன்றாக நினைவிருந்தது. பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். எழுத வேண்டியது என்ன என்று தெரியும். கை அந்தப் பக்கம் போகவில்லை. கடைசியில் கண்டக்டர் அகப்பட்டான். இதை அவளிடம் சொல்லத்தான் வாயைத் திறந்தார். விலை தாண்டிப் போயிற்று. “ம்” என்று மட்டும் வந்தது. விசாலாக்ஷி அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அன்றோடு எழுதுவதை நிறுத்தினார். இனி உலகம் தன்னை என்ன செய்தாலும் வாயில்லாப் பூச்சியாகத் தாங்கிக்கொள்வது என்று முடிவு. தாங்குகிற லட்சணம் சில நாளிலேயே தெரிந்துவிட்டது. சாயாக்கடையைத் தவிர்க்க ஒரு சந்து சுற்றினார். ராமபத்ரனைத் தவிர்க்க இன்னொரு சந்து. முடிவெட்டுகிற கடைக்குப் போகாததில் தலை ஒரு கோலமாயிற்று, அதைப் பார்த்தவர்கள் சொன்னதில் புதிதாக நாலு காயம். இறக்கி வைக்க இடமில்லை. நெஞ்செரிச்சல் வந்தது. இது போதாதென்று அங்கம்மாள் தினமும் வாசலில், “சாமி, புதுசா யாரும் எதுவும் சொன்னாங்களா?” என்று அக்கறையாக விசாரித்தாள். குடை வெயிலிலும் விரிந்தது. விசாலாக்ஷியோடு பேச்சு “காப்பி”, “ம்”, “சாதம் போடட்டுமா”, “ம்” என்பதோடு நின்றது. அவள் தன்னை விட்டுப் போய்விடுவாள் என்று அவர் பயப்படவில்லை. இப்படியே பக்கத்திலேயே இருந்துவிடுவாள் என்றுதான் பயந்தார்.

அடுத்த ஜனவரியில் கப்பல் கம்பெனி டைரி வந்தபோது, அவர் அதை எடுக்காமல் கிடங்கிலேயே விட்டுவிட்டு வந்தார். வீட்டில் காப்பி டம்ளருக்குப் பக்கத்தில் வேறொரு டைரி இருந்தது. மலையாளத் தேதி போட்டது. விசாலாக்ஷி கடைக்குப் போய்த் தானே வாங்கி வந்திருந்தாள்.

“எழுதுங்கோ,” என்றாள். “எழுதாம நீங்க ஒரு மாதிரி ஆயிட்டேள். பாக்க ஸஹிக்கலை. இனி நான் யார்கிட்டயும் கொடுக்க மாட்டேன், ஸத்யம். ஆனா நீங்களே எனக்கு வாசிச்சுக் காட்டணும்.”

பிச்சுமணி அந்த டைரியை ஒரு விரலால் தள்ளி வைத்தார். “எல்லாத்தையுமா?”

“பொக்கு மட்டும் போரும். ஓரத்துல ‘பொ’ போட்டிருக்கேளாமே. மட்டாஞ்சேரில பொறந்தவளுக்கு அது என்னன்னு அறியாதா? கனமானது உங்ககிட்டயே இருக்கட்டும்.”

முதலில் பழைய டைரியிலிருந்து பாயசத்தை வாசித்தார். மானமும் போயிருக்கும் என்ற இடத்துக்கு வந்தபோது விசாலாக்ஷி சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பு அவருக்குச் சுருக்கென்றது. இதை நாளைக்கு எழுத வேண்டும் என்று மனதில் குறித்துக்கொண்டார். அதற்குள் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

“அந்தக் கல்யாணத்துல எனக்கு ரெண்டு தடவை விட்டா,” என்றாள் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு. “ஒரு வார்த்தை பறஞ்சிருந்தேள்னா ஒரு டம்ளர் கொண்டுவந்திருப்பேனே.”

அப்புறம் தினமும் ஒரு பொக்கு. சில நாள் இரண்டு. கூடத்தில் வராத குரல் சமையலறையில் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. ராமபத்ரனை அவர் அப்படியே பேசிக் காட்டுவார் என்பது பதினொரு வருஷத் தாம்பத்தியத்தில் விசாலாக்ஷிக்கு அப்போதுதான் தெரிந்தது.

ஒரு சாயங்காலம் அவர் வாசித்து முடித்து, இருவரும் சிரித்து ஓய்ந்தபிறகு, அவள், “எனக்கும் ஒண்ணு உண்டு,” என்றாள். “எனக்குத் தமிழ் எழுத அறியாது. நான் சொல்றேன், நீங்க எழுதுங்கோ.”

பிச்சுமணி பேனாவை எடுத்தார்.

“எங்காத்துக்காரர் பத்து வருஷம் புஸ்தகம் எழுதினார். அதுல நான் இல்லை. ஆஸ்பத்திரிலேருந்து வந்த அன்னிக்குக்கூட நான் இல்லை.” அவர் எழுதி முடிக்கும்வரை காத்திருந்தாள். “எழுதியாச்சோ? நாளைக்கு வாசிச்சுப் பாருங்கோ. மிதக்கறதா, தாழறதா, எனக்குச் சொல்லணும்.”

மறுநாள் கிடங்கில் அவர் எந்த மூட்டையில் குத்தூசி விட்டார் என்று அவருக்கே தெரியாது. வீட்டுக்கு வந்து, காப்பியைத் தொடாமல் டைரியைப் பிரித்து அந்த வரிகளை வாய்விட்டு வாசித்தார். விசாலாக்ஷி எதிரில் பலகையில் உட்கார்ந்திருந்தாள். ஓரத்தில் எதுவும் போட அவருக்குக் கை வரவில்லை.

“தாழறது, விசாலம்,” என்றார்.

அவள் தலையை ஆட்டினாள். எழுந்திருக்கப் போனாள்.

“இரு,” என்றார் பிச்சுமணி. தொண்டையைச் செருமினார். “அன்னிக்கு பஸ்ஸில நான் முன்னாடி வாசல்கிட்ட நின்னுண்டிருந்தேன். நீ அழறது அங்கேருந்தே தெரிஞ்சது. என்னையும் அடக்க முடியலை. கம்பியைப் பிடிச்சிண்டு அந்தப் பக்கம் திரும்பி நின்னு அழுதேன். வழியை அடைச்சிண்டு நிக்கறதே எனக்குத் தெரியலை. கண்டக்டர் ஏறறவா எறங்கறவாளுக்காக மரியாதையாத்தான் பல தடவை சொல்லிருப்பான். என் காதுல விழலை. அப்புறம்தான் அப்படிக் கத்தினான். அவனை மட்டும் எழுதினேன். மத்தது எழுத வரலை.”

விசாலாக்ஷி பலகையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

“இதை அன்னிக்கே பறஞ்சிருக்கலாமே.”

“குரல் வரலை, விசாலம்.”

“இப்போ வந்துதே,” என்று அவள் டைரியை அவர் கையிலிருந்து வாங்கி மூடிவைத்துவிட்டு, ஆறிப்போன காப்பியைச் சூடு பண்ண எடுத்துப்போனாள்.